ஃபராமிர் ஏன் மோதிரத்தை மறுக்க வேண்டும்? ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ திரைப்படங்களும் வாசகர் எதிர்வினையும்

கேள்வி

2002 டிசம்பரில் ‘தி டூ டவர்ஸ்’ திரைப்படம் வெளியானபோது, டோல்கீனின் நாவலைத் திரும்பத் திரும்பப் படித்திருந்த வாசகர்களைப் பெரிதும் புண்படுத்தியது போர்க்களக் காட்சியோ அரக்கர்களின் தோற்றமோ அல்ல. கொண்டோர் நாட்டுப் படைத்தலைவன் ஃபராமிர், எவரையும் கெடுத்துவிடும் மோதிரத்தை அழிக்கச் செல்லும் வழியில் தன்னிடம் பிடிபட்ட ஹாபிட்களான ஃப்ரோடோவையும் சாமையும் விடுவிக்காமல், மோதிரத்தோடு சேர்த்து ஆஸ்கிலியாத் நகரத்துக்கு இழுத்துச் செல்கிறான். நாவலில் இப்படியொரு பயணமே கிடையாது. அங்கே அவன் மோதிரத்தைத் தொடாமல், உணவும் ஊன்றுகோலும் கொடுத்து இருவரையும் வழியனுப்பி வைக்கிறான்.

அதே படம் நாவலில் இல்லாத எல்ஃப் படையொன்றை ஹெல்ம்ஸ் டீப் கோட்டைக்கு அனுப்பியது. அதற்கு முந்தைய படம், டாம் பாம்படில் என்னும் பாத்திரத்தை அவர் வரும் அத்தியாயங்களோடு அடியோடு நீக்கியிருந்தது. மாற்றத்தின் அளவை மட்டும் பார்த்தால் இவை ஃபராமிருக்கு நேர்ந்ததைவிடப் பெரியவை. இருந்தும் பெரும்பாலோர் இவற்றை விரைவிலேயே ஏற்றுக்கொண்டார்கள். ஃபராமிர் குறித்த மனத்தாங்கல் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஆறவில்லை. ஏன் இந்த வேறுபாடு?

ரசிகர்கள் எழுத்துக்கு எழுத்து மூலநூலையே திரையில் எதிர்பார்க்கிறார்கள், சினிமா என்னும் கலையின் தேவைகள் அவர்களுக்குப் புரிவதில்லை என்பதே இத்தகைய சர்ச்சைகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். தழுவல் படம் எது வந்தாலும் இந்த விளக்கமும் கூடவே வந்துவிடுகிறது. சான்றுகளை அருகே வைத்துப் பார்த்தால் அது நிற்காது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. டோல்கீனின் வாசகர்கள் நீக்கங்களைப் பொறுத்துக்கொண்டார்கள், இடமாற்றங்களைப் பொறுத்துக்கொண்டார்கள், சில புதுச் சேர்க்கைகளைக் கொண்டாடவும் செய்தார்கள். யார் எதை மறுத்தார், எந்தச் செயலால் தீமை வீழ்ந்தது என்னும் நாவலின் அறக்கணக்கு மாறிய இடங்களில் மட்டும் அவர்கள் இறங்கிவரவில்லை.

படத்துக்கு முந்தைய அரை நூற்றாண்டு

நாவல் 1954–55இல் மூன்று தொகுதிகளாக லண்டனின் ஆலன் அண்ட் அன்வின் பதிப்பகத்திலிருந்து வந்தது. பீட்டர் ஜாக்சனின் முதல் படம் 2001 டிசம்பரில் வந்தது. இடைப்பட்ட காலத்தில் வாசகர்கள் வெறுமனே படித்துக்கொண்டிருக்கவில்லை. நூலுக்குத் தாங்களும் பொறுப்பாளிகள் என்ற எண்ணத்தோடு வளர்ந்தார்கள். 1965இல் அமெரிக்காவின் ஏஸ் புக்ஸ் நிறுவனம், அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் ஓட்டையைப் பயன்படுத்தி, ஆசிரியரின் ஒப்புதலின்றி மலிவுப் பதிப்பு ஒன்றை வெளியிட்டது. தமக்கு எழுதிய அமெரிக்க வாசகர்களுக்கு அனுப்பிய பதில்களில் டோல்கீன் இதைச் சொல்லத் தொடங்கினார். செய்தி பரவியது. வாசகர்கள் அந்தப் பதிப்பைப் புறக்கணித்தார்கள். கடைசியில் ஏஸ் நிறுவனம் உரிமைத்தொகை தர இணங்கியது. 1967இல் கலிஃபோர்னியாவில் மித்தோபோயிக் சொசைட்டியும், 1969இல் பிரிட்டனில் டோல்கீன் சொசைட்டியும் தோன்றின. இரண்டும் இன்றும் இயங்குகின்றன.

திரைத் தழுவலுக்கு எதிர்வினை செய்த முதல் வாசகர் டோல்கீன்தான் என்று சொல்வது மிகையாகாது. 1957இல் அமெரிக்காவிலிருந்து ஃபாரஸ்ட் அக்கர்மன் என்பவர் வழியாக ஒரு திரைப்படத் திட்டம் அவரிடம் வந்தது. மார்ட்டன் கிரேடி சிம்மர்மன் எழுதியிருந்த கதைச்சுருக்கத்தை 1958இல் டோல்கீன் வரிவரியாகப் படித்து, நீண்ட குறிப்புக் கடிதம் ஒன்றை எழுதினார். இந்த ஆய்வுக்கு அந்தக் கடிதம் மிக முக்கியமான ஆவணம். எங்கு பார்த்தாலும் கழுகுகளைப் பறக்கவிட்டதையும், எல்ஃப்களின் பயண ரொட்டியான லெம்பாஸைச் செறிவூட்டிய உணவு வில்லைபோல விவரித்ததையும், சண்டைகளுக்குக் கொடுத்த அதீத இடத்தையும் அவர் கடிந்துகொண்டார்.

ஆனால் அதே கடிதத்தில் அவர் எதையெல்லாம் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். பாம்படிலின் துணைவி கோல்ட்பெர்ரி அர்த்தமின்றி வந்துபோவதைவிட வராமலே இருக்கலாம் என்கிறார். என்ட்கள் என்னும் மர மனிதர்களின் கதை, ஹெல்ம்ஸ் டீப் போர் ஆகிய இரண்டுக்கும் போதிய இடமில்லையென்றால், முதன்மைக் கதைக்குத் தற்செயலான அந்தப் போரையே விட்டுவிடலாம் என்கிறார். ஜாக்சனின் இரண்டாம் படத்துக்கு உச்சக்கட்டமாக அமைந்தது அதே போர்தான். ஆக, நூலாசிரியரின் அளவுகோல் தெளிவானது: குறைப்பதைப் பொறுக்கலாம், திரிப்பதைப் பொறுக்க முடியாது. பின்னாளைய வாசகர் எதிர்வினை இந்த அளவுகோலுக்கு எவ்வளவு நெருக்கமாக அமைந்தது என்பது வியப்பூட்டுகிறது.

இடையில் வந்த தழுவல்களும் வாசகர்களின் எதிர்பார்ப்பைப் பக்குவப்படுத்தின. 1978இல் ரால்ஃப் பக்ஷியின் அனிமேஷன் படம் கதையின் பாதியிலேயே, ஹெல்ம்ஸ் டீப்போடு நின்றுபோனது. அது பாதிக் கதைதான் என்று தலைப்பில் சொல்லாததால் ஏமாற்றம் இரட்டிப்பானது. 1981இல் பிபிசி வானொலி, பிரையன் சிப்லியும் மைக்கேல் பேக்வெல்லும் எழுதிய நாடகத்தை 26 பகுதிகளாக ஒலிபரப்பியது. வாசகர்கள் இன்றும் மதிக்கும் அந்த நாடகத்தில் ஃப்ரோடோவாகக் குரல் கொடுத்த இயன் ஹோம், ஜாக்சனின் படத்தில் பில்போவாக நடித்தார்.

சான்றுகளும் அவற்றின் எல்லைகளும்

ரசிகர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை எதை வைத்து முடிவு செய்வது? உரக்கப் பேசியவர்களின் குரலையே எல்லாருடைய குரலாகவும் எடுத்துக்கொள்ளும் அபாயம் இத்தகைய ஆய்வில் எப்போதும் உண்டு. எனவே ஒன்றுக்கொன்று மாறுபட்ட சான்றுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பரவலான கணக்கெடுப்பு. வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தைச் சேர்ந்த மார்ட்டின் பார்க்கர் தலைமையில், மூன்றாம் படமான ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்’ வெளியானதையொட்டி 2003–04இல் ஒரு பன்னாட்டு ஆய்வு நடந்தது. 14 மொழிகளில் வினாத்தாள் தயாரிக்கப்பட்டு, ஏறத்தாழ 25,000 பேரின் பதில்கள் திரட்டப்பட்டன. பார்க்கரும் எர்னஸ்ட் மத்தைஸும் தொகுத்த நூலாக அதன் முடிவுகள் 2008இல் வெளிவந்தன. இது எப்படிப்பட்ட கதை என்ற கேள்விக்குப் பல தெரிவுகள் கொடுக்கப்பட்டிருந்தன. அதை ஆன்மிகப் பயணம் என்று தெரிவு செய்தவர்களிடம்தான், படத்தை ரசித்த அளவும் அதற்கு அவர்கள் தந்த முக்கியத்துவமும் ஒருசேர உயர்ந்திருந்தன. தாமாக முன்வந்து பதிலளித்தவர்கள் என்பதால் ஆர்வலர்களின் விகிதம் கூடுதலாக இருந்திருக்கும். அந்தக் குறையைக் கணக்கில் கொண்டாலும், படத்தை ஆழமாக நேசித்தவர்கள் அதில் அகவயமான ஒரு போராட்டத்தைத் தேடினார்கள் என்பது பொருட்படுத்தத்தக்க செய்தி.

இரண்டாவது, ஹியூகோ விருதுகள். இவற்றுக்கு வாக்களிப்பவர்கள் உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் உறுப்பினர்கள். அதாவது, புத்தகங்களின் தீவிர ரசிகர்கள். 2002, 2003, 2004 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஜாக்சனின் படங்களே அவர்களுடைய நாடக வடிவ விருதைப் பெற்றன. ஃபராமிர் சர்ச்சை உச்சத்தில் இருந்த ‘தி டூ டவர்ஸ்’ படமும் அவற்றுள் அடங்கும். கோபப்பட்டவர்களையும் கொண்டாடியவர்களையும் இரு தனித்தனி முகாம்களாகப் பிரித்துவிட முடியாது. பல நேரங்களில் இருவரும் ஒருவரே.

மூன்றாவது, எதிர்ப்பின் எழுத்துச் சான்றுகள். ஜேனட் பிரென்னன் கிராஃப்ட் தொகுத்து மித்தோபோயிக் பிரஸ் 2004இல் வெளியிட்ட ‘டோல்கீன் ஆன் ஃபிலிம்’ நூல் இவற்றுள் குறிப்பிடத்தக்கது. கிராஃப்ட் தம் கட்டுரையில் இரண்டு குறைகளை வகைப்படுத்துகிறார். நாவல் காத்திருந்து வெளிப்படுத்துவதைப் படம் முன்கூட்டியே காட்டிவிடுவது ஒன்று. மேடுபள்ளங்களோடு அமைந்த பாத்திரங்களைத் தட்டையாக்குவது மற்றொன்று. சிம்மர்மன் குறித்து டோல்கீன் அடுக்கிய புகார்களை ஜாக்சனின் படங்களுக்கும் பொருத்திப் பார்க்கும் முறை பயனுள்ளது. ஆனால் எல்லா மாற்றங்களையும் அதே வரிசையில் வைக்கும்போது, வாசகர்கள் தாமே செய்துகொண்ட தரப்பிரிப்பு மறைந்துபோகிறது. அந்தத் தரப்பிரிப்பைத்தான் இனிப் பார்க்க வேண்டும்.

பொறுத்துக்கொண்டவை

பாம்படிலிலிருந்து தொடங்கலாம். மோதிரம் கையில் இருந்தும் மறையாத, அதன் ஆற்றல் சிறிதும் தீண்டாத ஒரே பாத்திரம் அவர். மோதிரத்தின் கதையைச் சிறிதும் முன்னகர்த்தாத பாத்திரம் என்று ஜாக்சன் அவரை விட்டுவிட்டார். எதிர்ப்பு வந்தது, ஆனால் பெரும்பாலும் அது வருத்தமாகவே இருந்தது, குற்றச்சாட்டாக மாறவில்லை. 1978 படமும் 1981 வானொலி நாடகமும் முன்பே அவரை விட்டிருந்தன. பின்னர் ‘தி டூ டவர்ஸ்’ நீட்டிக்கப்பட்ட பதிப்பில், மெரியையும் பிப்பினையும் விழுங்கப் பார்க்கும் மரத்தை ட்ரீபியர்ட் அடக்கும் காட்சியில், பாம்படிலின் பேச்சு அந்த மர மனிதரின் வாயில் வைக்கப்பட்டது. வாசகர்கள் அதை அன்போடு அடையாளம் கண்டுகொண்டார்கள்.

ஆர்வென் விவகாரம் இன்னும் சுவையானது. படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே, எல்ரோண்டின் மகளான இவள் வாளேந்திப் போரிடப்போகிறாள் என்ற செய்தி கசிந்தது. எதிர்ப்பு மனுக்கள் சுற்றுக்கு வந்தன. நியூசிலாந்திலேயே படமாக்கப்பட்ட ‘ஜீனா’ தொலைக்காட்சித் தொடரின் நாயகியோடு சேர்த்து, ‘ஜீனார்வென்’ என்று அவளுக்குப் பெயர் வைத்தார்கள். ஹெல்ம்ஸ் டீப் போரில் அவள் பங்கேற்கும் காட்சிகள் உண்மையிலேயே படமாக்கப்பட்டிருந்தன, பிறகு கைவிடப்பட்டன. அதற்குப் பதிலாகப் படக்குழு நாவலின் பின்னிணைப்பில் உள்ள அரகோர்ன்–ஆர்வென் கதையை எடுத்துக்கொண்டது. எல்ஃப்களின் நிலைவாழ்வைத் துறந்து சாவை ஏற்கும் பெண்ணின் துயரம் திரைக்கு வந்ததும் எதிர்ப்பின் வேகம் தணிந்தது.

முதல் படத்தில் அவள் கிளார்ஃபிண்டெல் என்னும் எல்ஃப் வீரனின் இடத்தைப் பிடித்துக்கொண்டதும் பெரும் பேச்சாக இருந்தது. 1978 படத்தில் அதே இடத்துக்கு லெகொலாஸ் வந்திருந்தான். யார் வருகிறார் என்பது உண்மையில் பெரிய பிரச்சினை இல்லை. நாவலிலும் பக்ஷியின் படத்திலும், காயம்பட்ட ஃப்ரோடோ தனியாகக் குதிரையில் ஆற்றைக் கடந்து, திரும்பி நின்று ஒன்பது கருங்குதிரை வீரர்களையும் எதிர்க்கிறான். ஜாக்சனின் படத்தில் அவன் ஆர்வெனின் மடியில் நினைவிழந்து கிடக்க, அறைகூவல் விடுப்பவள் அவள். கிளார்ஃபிண்டெலைக் காணோம் என்ற புகார் சில ஆண்டுகளில் ஓய்ந்தது. ஃப்ரோடோவின் துணிவு களவுபோனது என்ற புகார் ஓயவில்லை. ஒரே காட்சியிலிருந்து எழுந்த இந்த இரண்டு புகார்களும் வேறுவேறு வகையைச் சேர்ந்தவை.

போரோமிரின் மரணமோ மாற்றத்துக்குக் கிடைத்த பாராட்டு. நாவலில் அது இரண்டாம் தொகுதியின் தொடக்கத்தில், சண்டை முடிந்த பிறகு, மிகச் சுருக்கமாக வருகிறது. படம் அதை முதல் பாகத்தின் முடிவுக்குக் கொண்டுவந்து, அம்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தைக்க அவன் போரிடுவதை நேரடியாகக் காட்டி, அரகோர்னைத் தன் அரசன் என்று ஏற்றுக்கொள்ளச் செய்தது. இவ்வளவு பெரிய இடமாற்றத்தையும் விரிவாக்கத்தையும் எதிர்த்துப் பேசியவர்கள் மிகக் குறைவு. ஆசைக்கு வீழ்ந்த ஒருவன் மனம் வருந்தி மீண்டெழுவது நாவலின் உள்ளக்கிடக்கைதான் என்பதை வாசகர்கள் கண்டுகொண்டார்கள். சொல்லுக்குச் சொல் விசுவாசம் கேட்டவர்களாக இருந்திருந்தால் இதை ஏற்றிருக்க மாட்டார்கள்.

ஃபராமிர்

நாவலில் ஃபராமிருக்கும் ஃப்ரோடோவுக்கும் இடையே நடப்பது நீண்ட உரையாடல். இத்திலியன் காட்டில் பிடிபட்டவர்களை அவன் அருவிக்குப் பின்னாலுள்ள குகைக்குக் கூட்டிச்செல்கிறான். அண்ணன் போரோமிரின் சாவுக்குப் பின்னே ஏதோ ஒரு ஆயுதம் இருக்கிறது என்பதை ஊகிக்கிறான். அது வழியில் கிடந்தால்கூட எடுக்க மாட்டேன் என்று, அது இன்னதென்று தெரியும் முன்பே சொல்லிவிடுகிறான். பிறகு சாம் வாய்தவறி உளறிவிடுகிறான். ஃபராமிர் எழுந்து நிற்கிறான். தன் தரத்தைக் காட்ட நல்ல வாய்ப்பு வந்திருக்கிறது என்கிறான். படிப்பவருக்கு ஒரு கணம் அடிவயிறு கலங்குகிறது. பிறகு அவன் அமர்ந்து மெல்லச் சிரிக்கிறான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான்.

படத்தில் அந்தக் கூற்று அப்படியே வருகிறது, எதிர்ப்பொருளோடு. குகையில் வாள்முனையால் மோதிரச் சங்கிலியைத் தூக்கிப் பார்த்தபடி டேவிட் வென்ஹாம் அதைச் சொல்லும்போது, அது மிரட்டலாக ஒலிக்கிறது. ஆஸ்கிலியாத்தில், பறக்கும் விலங்கின் மேல் வரும், அந்த ஒன்பது கருங்குதிரை வீரர்களில் ஒருவனான நாஸ்கூலிடம் ஃப்ரோடோ மோதிரத்தைக் கொடுக்கப்போய், சாம் அவனைத் தள்ளிக் காப்பாற்றி, பெருங்கதைகளைப் பற்றி அந்த உரையை நிகழ்த்திய பிறகே ஃபராமிர் மனம் மாறுகிறான்.

படக்குழுவின் நியாயம் அற்பமானதல்ல. நாவலின் இரண்டாம் தொகுதியை முடித்துவைக்கும் ஷீலாப் என்னும் ராட்சதச் சிலந்தியின் அத்தியாயங்களை அவர்கள் மூன்றாம் படத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அதனால் இரண்டாம் படத்தில் ஃப்ரோடோவின் பயணத்துக்கு ஒரு தடையும் உச்சமும் தேவைப்பட்டன. மேலும், எவரையும் கெடுத்துவிடும் பொருள் என்று முதல் படம் முழுக்கச் சொல்லிவந்த மோதிரத்தை, ஒருவன் எளிதாக வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதன் அச்சம் கரைந்துவிடும் என்பது திரைக்கதையாளர்களில் ஒருவரான ஃபிலிப்பா பாயன்ஸ் உள்ளிட்டோர் தந்த விளக்கம்.

வாசகர்கள் இதற்கு மூன்று தளங்களில் பதில் சொன்னார்கள். முதலாவது கதையின் தர்க்கம். மோதிரம் ஆஸ்கிலியாத்தில் இருப்பதை நாஸ்கூல் கண்ணால் கண்டுவிட்ட பிறகு, ஃப்ரோடோ மோர்டோருக்குள் யாருமறியாமல் நுழைகிறான் என்ற முழுத் திட்டமும் ஆட்டம் காண்கிறது. இரண்டாவது, போரோமிரோடு உள்ள ஒப்பீடு. ஒரே தந்தையின் இரு மகன்கள். ஒருவன் விழுகிறான், மற்றவன் விழவில்லை. மோதிரம் மனித இனம் முழுவதையும் வென்றுவிட்டது என்ற விரக்திக்கு நாவல் தரும் மறுமொழியே இந்த இரண்டாமவன். மூன்றாவது, ஃபராமிருக்கும் ஆசிரியருக்கும் உள்ள நெருக்கம். 1944இல் மகன் கிறிஸ்டோபருக்கு எழுதிய கடிதத்தில், திட்டமிடாத ஒரு புதிய பாத்திரம் இத்திலியன் காட்டுக்குள் நடந்து வந்துவிட்டதாக டோல்கீன் சொல்கிறார். தம்மை ஒத்த பாத்திரம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் அது ஃபராமிர்தான் என்றும் பின்னர் எழுதியிருக்கிறார்.

இவற்றோடு நான்காவது வாதம் ஒன்றையும் சேர்க்கலாம். அது படத்துக்குள்ளேயே இருக்கிறது. முதல் பாகத்தின் முடிவில், ஆமோன் ஹென் குன்றில், ஃப்ரோடோ உள்ளங்கையில் மோதிரத்தை வைத்து அரகோர்னிடம் நீட்டுகிறான். அரகோர்ன் மண்டியிட்டு ஃப்ரோடோவின் விரல்களை மடக்கி மோதிரத்தை மூடிவிடுகிறான். நாவலில் இல்லாத காட்சி இது. அதைப் பார்த்து மோதிரத்தின் ஆற்றல் குறைந்துவிட்டதாக யாரும் கருதவில்லை. கேண்டால்ஃபும் கலாட்ரியலும் மறுத்தபோதும் அப்படியே. மறுப்பவரின் முகத்தில் தெரியும் நடுக்கமே மோதிரத்தின் வலிமைக்குச் சான்றாக அமைந்தது. ஜாக்சனின் படமே சிறப்பாகச் செய்து காட்டிய ஒன்றை ஃபராமிருக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்? கட்டமைப்புத் தேவை குறித்த விளக்கம் ஏற்கத்தக்கது; மோதிரத்தின் அச்சம் குறித்த விளக்கம் ஏற்கத்தக்கதல்ல.

2003 நவம்பரில் வந்த நீட்டிக்கப்பட்ட பதிப்பில், ஆஸ்கிலியாத்தை மீட்ட போரோமிரைத் தந்தை டெனதோர் கொண்டாடுவதும் ஃபராமிரைப் புறந்தள்ளுவதும் பின்னோக்குக் காட்சியாகச் சேர்க்கப்பட்டன. தந்தையின் ஒரு நல்ல சொல்லுக்காக ஏங்குபவன் மோதிரத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க நினைப்பதற்கு அது வலுவான காரணம். பலர் சற்றே சமாதானமடைந்தார்கள். திரைப்படத்தின் ஃபராமிர் அதன்பின் முழுமையான ஒரு மனிதனானான். ஆனாலும் அவன் வேறொரு மனிதன்.

எரிமலை விளிம்பில்

இதே அளவுகோல் ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்’ படத்துக்கும் பொருந்துகிறது. மோதிரத்தை முன்பு வைத்திருந்து, இப்போது வழிகாட்டியாக வரும் கோல்லம் லெம்பாஸ் துணுக்குகளைச் சாமின் மேல் தூவிப் பழிசுமத்த, அதை நம்பி ஃப்ரோடோ சாமை வீட்டுக்குப் போகச் சொல்கிறான். நாவலில் இருவரும் சேர்ந்தே ஷீலாபின் குகைக்குள் நுழைகிறார்கள். மோதிரத்தின் பாரத்தால் ஃப்ரோடோ சிதைவதைக் காட்ட வேறு வழிகள் இருந்தன. சாமைத் துரத்துவது அந்த நட்பின் அடித்தளத்தையே அசைக்கிறது என்று வாசகர்கள் வாதிட்டார்கள். இந்த வாதத்தில் மிகையில்லை. சாமை நம்பாத ஃப்ரோடோ, கோல்லத்தை நம்புகிறான் என்றாகும்போது, கோல்லத்தின் மீது அவன் காட்டிய இரக்கமே ஏமாளித்தனமாகச் சுருங்கிவிடுகிறது.

அந்த இரக்கத்தின் மேல்தான் நாவலின் முடிவு நிற்கிறது. மவுண்ட் டூமில் ஃப்ரோடோ தோற்கிறான். மோதிரத்தைத் தனதென்று உரிமை கொண்டாடுகிறான். கோல்லம் விரலைக் கடித்து மோதிரத்தைப் பறித்து, மகிழ்ச்சியில் துள்ளி, கால் தவறி விழுகிறான். ஃப்ரோடோ முன்பு அவனை உயிரோடு விட்டதால்தான் உலகம் பிழைத்தது என்று 1956இல் வாசகர்களுக்கு எழுதிய கடிதங்களில் டோல்கீன் விளக்கியிருக்கிறார். படக்குழு முதலில் ஃப்ரோடோவே கோல்லத்தைத் தள்ளிவிடுவதாகப் படமாக்கியது. அது கொலைபோலத் தெரிந்ததால் மாற்றி எடுத்தது. திரைக்கு வந்த வடிவத்தில் இருவரும் மோதிரத்துக்காகப் போராடி, சேர்ந்து விளிம்பைத் தாண்டி விழுகிறார்கள். தள்ளிவிடுவதைவிட இது மேல். ஆனால் மனித முயற்சி கைவிட்ட இடத்தில் முன்பு செய்த இரக்கம் வந்து காத்தது என்ற பொருள் மங்கி, மல்லுக்கட்டின் விளைவு என்ற பொருள் முன்னே வந்துவிட்டது.

ஷயர்: ஒரு நீக்கம், ஒரு விதிவிலக்கு

நீக்கங்களை வாசகர்கள் பொறுத்துக்கொண்டார்கள் என்ற கூற்றுக்கு வலுவான மறுசான்று ஒன்று உண்டு. நாவலில் ஹாபிட்கள் ஊர் திரும்பும்போது ஷயர் சூறையாடப்பட்டிருக்கிறது. மரங்கள் வெட்டப்பட்டு, ஆலை புகை கக்கி, அடாவடி ஆட்கள் ஆட்சி செய்கிறார்கள். நால்வரும் ஊராரைத் திரட்டி மீட்கிறார்கள். தீய மந்திரவாதி சாருமான் ஃப்ரோடோவின் பழைய வீட்டு வாசலிலேயே, தன் அடியாளின் கையால் சாகிறான். ஜாக்சன் இந்தப் பகுதியை விட்டுவிட்டார். கலாட்ரியலின் நீர்க்கண்ணாடியில் எரியும் ஷயராக மட்டும் அது ஒருமுறை மின்னி மறைகிறது. இந்த நீக்கத்தை மட்டும் வாசகர்கள் இன்றளவும் ஏற்கவில்லை.

காரணம் நூலிலேயே இருக்கிறது. இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் டோல்கீன் இந்த அத்தியாயத்தைக் கதையின் இன்றியமையாத பகுதி, தொடக்கத்திலிருந்தே எண்ணியிருந்தது என்று குறிப்பிடுகிறார். போரிலிருந்து தப்பிப்பிழைக்கும் ஊர் எதுவுமில்லை என்பது, முதல் உலகப்போரில் சோம் போர்முனையில் நின்றவரின் அறிவு. ஷயரை மாசுபடாமல் காத்துவிட்டால் அந்த அறிவு விடுபட்டுப்போகிறது. ஆகவே இது பாம்படிலின் நீக்கம் போன்றதல்ல; நீக்கத்தின் வடிவில் வந்த பொருள் மாற்றம்.

எனினும் படம் இந்த இடத்தை வெறுமையாக விடவில்லை. கிரீன் டிராகன் மதுச்சாலையில் நால்வரும் அமர்ந்திருக்கிறார்கள். ஒரு ஹாபிட் பெரிய பூசணிக்காயைத் தூக்கிவர, எல்லாரும் அதை வியந்து தட்டிப் பார்க்கிறார்கள். உலகைக் காத்துத் திரும்பியவர்களை யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பேச எதுவுமின்றி, கோப்பையை உயர்த்துகிறார்கள். ஊர் மாறாமல் இருக்க, திரும்பி வந்தவர்கள் மாறிவிட்ட தனிமையை உரையாடலே இல்லாமல் உணர்த்தும் அருமையான காட்சி அது. கடுமையான தூய்மைவாதிகளிலும் பலர் அதை மெச்சியிருக்கிறார்கள். படமாக்கப்பட்டவற்றில் டோல்கீனின் உணர்வுக்கு மிக அருகே செல்லும் இடங்களில் ஒன்று, அவர் எழுதாத காட்சியாக அமைந்திருப்பது, எழுத்துப் பற்று என்ற குற்றச்சாட்டை மேலும் பலவீனப்படுத்துகிறது.

படக்குழுவும் வாசகர்களும்

எதிர்ப்பு இவ்வளவு இருந்தும் உறவு முறியாததற்குக் காரணங்கள் உண்டு. நாவலுக்குப் பல ஆண்டுகளாக ஓவியம் தீட்டிவந்த ஆலன் லீயையும் ஜான் ஹோவையும் ஜாக்சன் நியூசிலாந்துக்கு அழைத்துக் காட்சி வடிவமைப்பில் அமர்த்தினார். வாசகர்களின் மனக்கண்ணில் ஏற்கெனவே குடியிருந்த உலகத்தையே திரை காட்டியது. எல்ஃப் மொழி வசனங்களுக்கு மொழியியலாளர் டேவிட் சாலோ பொறுப்பேற்றார். தோற்றத்தையும் ஒலியையும் பற்றிய புகார்கள் குறைவாக இருந்ததில் வியப்பில்லை. நாவலின் ஆய்வாளர்களில் முதன்மையானவரான டாம் ஷிப்பியும் படங்களைப் பரிவோடும் நிதானத்தோடுமே மதிப்பிட்டார்.

ரசிகர்களை விரட்டாமல் வரவேற்பது என்ற முடிவும் உதவியது. 1999இல் தொடங்கப்பட்ட ‘தி ஒன் ரிங் டாட் நெட்’ ரசிகர் குழுவினர் பின்னாளில் படப்பிடிப்புத் தளத்துக்கே அழைக்கப்பட்டார்கள். நீட்டிக்கப்பட்ட பதிப்புகளின் இறுதியில் அதிகாரபூர்வ ரசிகர் மன்ற உறுப்பினர்களின் பெயர்கள் நிமிடக்கணக்கில் திரையில் ஓடுகின்றன. எல்ரோண்டின் அவையில் வசனமின்றி அமர்ந்திருந்த ஓர் எல்ஃபுக்கு ரசிகைகள் ‘ஃபிக்விட்’ என்று பெயர் சூட்டிக் கொண்டாட, அந்த வேடத்தில் நடித்த பிரெட் மெக்கென்சிக்கு மூன்றாம் படத்தில் வசனமே கொடுக்கப்பட்டது. மூன்றாம் படத்தின் திரையரங்க வடிவத்திலிருந்து சாருமானின் காட்சிகள் நீக்கப்பட்டபோது, நாவலின் நெடுநாள் வாசகரும் டோல்கீனை நேரில் சந்தித்தவருமான கிறிஸ்டோபர் லீ மனம் நொந்து முதல் காட்சிக்கு வரவில்லை. ரசிகர்களும் மனுப் போட்டார்கள். 2004 டிசம்பரில் வந்த நீட்டிக்கப்பட்ட பதிப்பில் அக்காட்சிகள் மீண்டன.

டோல்கீனின் மகன் கிறிஸ்டோபர் கடைசிவரை சமாதானமாகவில்லை. 2012இல் ‘லெ மோந்த்’ இதழுக்கு அளித்த நேர்காணலில், நாவலின் குடலை உருவி இளவட்டங்களுக்கான அடிதடிப் படமாக்கிவிட்டார்கள் என்ற பொருளில் அவர் பேசினார். தந்தையின் கையெழுத்துப் படிகளோடு வாழ்நாளைக் கழித்தவரின் வேதனை அது. அதைச் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் மூன்று படங்களையும் அப்படி ஒரே வீச்சில் தள்ளிவிடுவது, போரோமிரின் சாவையும் பூசணிக்காய்க் காட்சியையும் கண்டுகொள்ளாத தீர்ப்பாகிவிடுகிறது. சராசரி வாசகர்கள் அவரைவிட நுட்பமாகப் பிரித்துப் பார்த்தார்கள்.

அந்தப் பிரித்தறியும் திறனுக்குப் பிற்காலத்திலும் ஒரு சான்று கிடைத்தது. 1937இல் வெளிவந்த சிறிய நூலான ‘தி ஹாபிட்’ 2012 முதல் 2014 வரை மூன்று நீண்ட படங்களாக நீட்டப்பட்டபோது, 2015 ஜனவரியில் பெயர் வெளியிடாத ஒரு ரசிகர் அவற்றை ஏறக்குறைய நான்கு மணி நேரப் படமாகத் தொகுத்து வெளியிட்டார். டவுரியல் என்னும் புதுப் பாத்திரத்தைச் சுற்றிய காதல் முக்கோணமும், டோல் கல்டூர் கிளைக்கதையும், ஓர்க் துரத்தல்களில் பெரும்பகுதியும் அதிலிருந்து வெளியேறின. டோல் கல்டூர் நிகழ்ச்சிகளுக்கு டோல்கீனின் எழுத்திலேயே ஆதாரம் உண்டு. மூலத்தில் இருக்கிறதா என்பது மட்டுமே அளவுகோல் என்றால் அவை தப்பியிருக்க வேண்டும். பில்போவின் கதையிலிருந்து கவனத்தை இழுக்கின்றன என்பதற்காகவே அவை வெட்டப்பட்டன.